டம்ளரைத் தள்ளியது யார்?

விடுதிப் பொறுப்பில் இருந்த எந்தப் பேராசிரியையைக் கேட்டாலும் இதைச் சொல்வார். செமஸ்டர் தேர்வு நெருங்கும் நாட்களில் மெஸ்ஸில் கண்ணாடி டம்ளர் ஒன்று குறையும். பொழுதுபோக்கு அறையில் இருக்கவேண்டிய கேரம் போர்டு இரண்டாம் மாடியில் யாரோ ஒருத்தியின் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், ஓரமெல்லாம் சாக்பீஸ் எழுத்தோடு. ஏ முதல் இசட் வரை, பூஜ்யம் முதல் ஒன்பது வரை, இடப்பக்கம் எஸ், வலப்பக்கம் நோ. நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, விளக்கை அணைத்து, மெழுகுவத்தி ஏற்றி, நான்கைந்து பேர் ஆளுக்கொரு விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, "குட் ஸ்பிரிட், ப்ளீஸ் கம்" என்று மெல்லிய குரலில் அழைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் டம்ளர் நகரும்.

உண்மையிலேயே நகரும். இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். "கதை விடாதீங்கடி" என்று பெரியவர்கள் அதட்டும்போது பிள்ளைகள் மனத்தைச் சாத்திக்கொள்வது இந்த இடத்தில்தான். அவர்கள் கண்ணால் பார்த்தது அது. "நான் தள்ளல மேடம், அம்மா மேல சத்தியம்" என்பார்கள். அந்தச் சத்தியத்தில் பொய் இல்லை.

நான் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்தவள். பணியின் பெரும்பகுதியில் விடுதிப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. இந்த டம்ளர் விவகாரத்தில் எனக்குத் தனி அக்கறை உண்டு. அதற்கு ஒரு காரணம், மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே இதே கேள்வியை ஆய்வகத்துக்குள் கொண்டுபோய் விடை கண்டவர் என்பது.

ஃபாரடேயிடம் போகுமுன் இந்த மோகம் தொடங்கிய இடத்தைப் பார்த்துவிடலாம். 1848 மார்ச் கடைசி நாளில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில், ஃபாக்ஸ் என்ற குடும்பத்தின் சிறுமிகள் இருவர் தாங்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஓர் ஆவி தட்டோசையால் பதில் சொல்வதாக அறிவித்தார்கள். ஊர் திரண்டது. சில ஆண்டுகளில் ஆவியுடன் பேசுவது அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவின் வரவேற்பறைகளுக்குப் போய்விட்டது. அந்தச் சிறுமிகளில் ஒருத்தியான மேகி 1888-ல் நியூயார்க் அரங்கு ஒன்றின் மேடையில் ஏறி, அந்த ஓசை தன் கால்விரல் மூட்டைச் சொடுக்கி எழுப்பியது என்று செய்தே காட்டினார். மறு ஆண்டு அதை மறுத்தும் பேசினார். எப்படியானாலும் அதற்குள் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. நம்பிக்கை வேர்விட அது போதும்.

1853-ல் லண்டனில் மேசை சுற்றும் மோகம் உச்சத்தில் இருந்தது. வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து எல்லோரும் கைகளை அதன்மேல் வைப்பார்கள். மேசை திரும்பும், சாயும், சில வீடுகளில் அறையைச் சுற்றி வரும். கை வைத்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர் என்பது ஃபாரடேக்குத் தெரியும். நேர்மையானவர்கள் என்று தாம் நம்பியவர்களையே அவர் சோதனைக்கு அழைத்தார். மேசைமேல் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே மெழுகு கலந்த மென்மையான பசையைச் சிறு உருண்டைகளாக வைத்தார். அட்டைகள் ஒட்டிக்கொண்டும் இருக்கும், தள்ளினால் மெல்ல வழுக்கவும் செய்யும். மேல் அட்டையில் கைகள். மேசை தானாக நகர்ந்து கைகளை இழுத்துப் போகிறது என்றால் கீழ் அட்டை முன்னே போயிருக்க வேண்டும், மேலட்டை பின்தங்கியிருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தபோது மேலட்டையே முன்னே போயிருந்தது. கை முதலில் நகர்ந்திருக்கிறது. மேசை அதன் பின்னால் போயிருக்கிறது.

இதைவிட அழகானது அவர் செய்த அடுத்த சோதனை. இரண்டு பலகைகளுக்கு நடுவே உருளைகள் வைத்து, மேல் பலகை இம்மி நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்கும் நெடிய முள் ஒன்றைப் பொருத்தினார். அந்த முள்ளைக் கை வைத்தவர்களே பார்க்கும்படி வைத்தபோது மேசை அசையவே இல்லை. தன் கை தள்ளுகிறது என்று தெரிந்த கணத்தில் தள்ளுவது நின்றுவிட்டது. முள்ளை மறைத்தால் மறுபடி மேசை நகர்ந்தது. 1853 ஜூன் 30-ஆம் தேதி லண்டன் டைம்ஸ் இதழில் கடிதமாகவே இதை எழுதினார் ஃபாரடே. இந்தச் சோதனையை நான் வகுப்பில் நடத்தாத ஆண்டு இல்லை. பாடத்திட்டத்தில் அது கிடையாது. இருந்திருக்க வேண்டும்.

ஃபாரடேயின் கடிதத்துக்கு முந்தைய ஆண்டே வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதற்கு விளக்கம் தந்திருந்தார். ஒன்று நடக்கும் என்று மனம் எதிர்பார்த்தாலே, நாம் முடிவெடுக்காமலே தசைகள் அதை நோக்கி மெல்ல இயங்கிவிடுகின்றன. ஒரு நூலில் மோதிரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அது வட்டமாகச் சுற்றப்போகிறது என்று மனத்தில் நினைத்துப் பாருங்கள். கையை அசைக்காமல்தான் பிடித்திருப்பீர்கள். மோதிரம் சுற்றத் தொடங்கும். ஐந்து பேர் விரல் வைத்த டம்ளரில் ஐந்து பேரின் எதிர்பார்ப்பும் கூடுகிறது. ஒருத்தி லேசாகத் தள்ள, மற்றவள் விரல் அதோடு போக, அந்தப் போக்கை மூன்றாமவள் விரல் இன்னும் கொஞ்சம் வலுப்படுத்துகிறது. யாருக்கும் தான் தள்ளியதாகத் தோன்றாது.

வணிகம் இதைச் சும்மா விடுமா? பால்டிமோர் நகரத்தில் எலைஜா பாண்ட் என்பவர் பெயரில் 1891 பிப்ரவரி 10-ஆம் தேதி இதே எழுத்துகளை அச்சிட்ட 'ஓஜா' பலகைக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காப்புரிமையின் தலைப்பு விளையாட்டுச் சாமான் என்ற அளவில்தான் இருக்கிறது. 1966-ல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற பொம்மை நிறுவனம் உரிமையை வாங்கியது. அடுத்த ஆண்டே இருபது லட்சம் பலகைகள் விற்று மோனோபோலி விளையாட்டை முந்தியது. 1967 அமெரிக்கப் பிள்ளைகள் வியட்நாமில் செத்துக்கொண்டிருந்த ஆண்டு. முதல் உலகப் போர்க் காலத்திலும் இந்தப் பலகைக்கு இதேபோல் கிராக்கி இருந்தது. சவப்பெட்டிகள் பெருகும் காலத்தில் இது விற்கிறது. இந்த விளையாட்டின் ஈர்ப்பைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும்.

ஜப்பானில் இதன் பெயர் கொக்குரி-சான். 1880-களில் அமெரிக்க மாலுமிகள் கொண்டுவந்த மேசை விளையாட்டு, மூன்று மூங்கில் குச்சிகளைக் கட்டி அதன்மேல் சோற்றுத் தொட்டியின் மூடியைக் கவிழ்த்தாடும் ஆட்டமாக அங்கே மாறியது. வருவது நரியின் ஆவி என்றார்கள். இனோவே என்ரியோ என்ற தத்துவ அறிஞர் ஊர் ஊராகத் தகவல் சேகரித்து, இது எதிர்பார்ப்பும் தசையும் செய்யும் வேலை என்று 1887-லேயே எழுதிவிட்டார். ஆனாலும் 1970-களில் ஒரு மாங்கா சித்திரக்கதை இதை மறுபடி கிளப்பிவிட, பள்ளி வகுப்பறைகளில் பத்து யென் நாணயத்தில் விரல் வைத்துப் பிள்ளைகள் நரியை அழைத்தார்கள். மயங்கியும் அலறியும் விழுந்தார்கள். பல பள்ளிகள் தடை போட்டன. தடை போட்ட பள்ளிகளில் அதே ஆட்டம் வேறு பெயரில், 'ஏஞ்சல்-சான்' என்று வந்தது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் 'ஸ்பிரிட் ஆஃப் த காயின்' என்று இதையே அறிவார்கள். 2015-ல் இரண்டு பென்சில்களைக் குறுக்கே வைத்துச் 'சார்லி'யை அழைக்கும் வீடியோக்கள் உலகையே சுற்றின. அங்கே விரல்கூட வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பென்சிலை அசைக்கக் கேள்வி கேட்பவரின் மூச்சுக்காற்று போதும்.

பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள்? தொடக்கத்தில் எல்லோரும் சிரிக்கும் கேள்விகள். "அரியர் கிளியர் ஆகுமா?" "எனக்கு வரப்போறவர் பேர்ல முதல் எழுத்து என்ன?" நேரம் ஆக ஆகச் சிரிப்பு குறையும். "வீட்ல படிக்க விடுவாங்களா?" "அவன் என்னை நிஜமா நினைக்கிறானா?" பிறகு யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள்: "நான் எத்தனை வயசுல சாவேன்?" பகல் வெளிச்சத்தில் அம்மாவிடமும் தோழியிடமும் கேட்க முடியாதவை இவை. இருட்டும், ஒட்டி அமர்ந்த தோள்களும், தடை செய்யப்பட்டதைச் செய்யும் படபடப்பும் சேர்ந்து அந்தக் கேள்விகளுக்கு வாய் திறந்துவிடுகின்றன. இந்த நெருக்கத்தை நான் மதிக்கிறேன். வீட்டை விட்டு வந்த பெண்கள் ஒருவரையொருவர் நம்பும் நேரம் அது.

ஒருமுறை இரவு கூச்சல் கேட்டு ஓடினேன். டம்ளர் உடைந்து கிடந்தது, ஒருத்தி நடுங்கிக்கொண்டிருந்தாள். அன்றிரவு யாரையும் திட்டவில்லை. மறுநாள் மதியம் அவர்களையே படிப்பறைக்கு வரச் சொல்லி, அதே கேரம் போர்டை மேசையில் வைத்து, "இப்ப எனக்கும் காட்டுங்க" என்றேன். வெளிச்சத்தில் வராது என்றார்கள். கொஞ்சம் பொறுத்தால் வந்தது, டம்ளர் நகர்ந்தது. யார் என்று கேட்டதற்கு அவர்களில் ஒருத்தியின் ஆச்சி என்று எழுத்தெழுத்தாய்ச் சொன்னது. எழுதப் படிக்கவே தெரியாத ஆச்சி, ஆங்கில எழுத்தில் பதில் சொல்கிறாள்! அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. துப்பட்டாவால் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள், ஆச்சிக்குத்தான் கண் தெரியுமே என்றேன். கட்டிக்கொண்டார்கள். போர்டைச் சத்தமில்லாமல் பாதிச் சுற்றுத் திருப்பினேன். "ஆச்சி, இங்கதான் இருக்கீங்களா?" டம்ளர் இடப்பக்கம் உறுதியாகப் போய் நின்றது. முன்பு எஸ் இருந்த இடம், இப்போது நோ. அடுத்த கேள்விகளுக்கு வந்த எழுத்துகள் எந்தச் சொல்லாகவும் சேரவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது யாரும் பேசவில்லை.

பிறகு, முந்தைய இரவு நடுங்கியவள் என்னிடம் தனியே வந்தாள். "அப்போ அப்பாவும் வரலையா மேடம்?" என்று கேட்டாள். அந்தக் கோடையில்தான் அவளுடைய அப்பா இறந்திருந்தார். மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நின்றபடியே அவரை இழந்தவள். டம்ளரிடம் அவள் கேட்டது ஒன்றே: "கடைசில வலிச்சுதாப்பா?" டம்ளர் எஸ்ஸுக்குப் போயிருக்கிறது.

இந்த விளையாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அதைச் சொன்னது யார்? அவளுடைய பயமா, பக்கத்தில் இருந்தவளின் ஊகமா, ஐந்து விரல்களின் தற்செயலான சாய்வா, யாருக்கும் தெரியாது. ஒரு மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தால் காரணம் கேட்கலாம், மறுத்துப் பேசலாம், இன்னொரு மருத்துவரிடம் போகலாம். டம்ளர் சொன்ன பதிலுக்குப் பொறுப்பேற்க ஆளே இல்லை. சொன்னவர் இல்லாததாலேயே அதை மறுக்கவும் வழியில்லை. ஆவி வருவதில் அல்ல, பொறுப்பாளி இல்லாத பதில் வருவதில்தான் ஆபத்து இருக்கிறது.

இது என் ஊகம் மட்டுமல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கண்ணைக் கட்டிய ஒருவர், எதிரே ஒருவர், இருவர் விரல்களும் ஓஜா பலகைமேல். கண் கட்டியவருக்குத் தெரியாமல் எதிரே இருப்பவர் விரலை எடுத்துவிடுவார். தனியே தள்ளுகிறவர், இன்னொருவர் தள்ளுவதாகவே நம்பிக்கொண்டிருப்பார். பொது அறிவுக் கேள்விகளில், தெரியாது, சும்மா ஊகிக்கிறேன் என்று அவர்கள் வாயால் சொன்ன விடைகள் பாதிக்குப் பாதி சரி. அதே வகைக் கேள்விகளுக்குப் பலகை வழியே வந்தவை நூற்றுக்கு 65 சரி. கைக்கு நாம் அறியாத வெளியறிவு எதுவும் வந்துவிடவில்லை. எப்போதோ படித்து, மறந்ததாக நினைத்தது உள்ளே இருந்து வந்தது. அப்படியே, அடக்கி வைத்த பயமும் வரும். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தார் ஓஜா ஆடும் இணைகளின் கண்ணசைவைக் கருவியால் அளந்தார்கள். வேண்டுமென்றே எழுத்தைக் காட்டும்போது கண் முந்திப் போகிறது. ஆட்டத்தின்போது தனித்தனியாகப் பார்த்தால் அந்த முந்தல் குறைகிறது. இருவரையும் சேர்த்துப் பார்த்தால், யாராவது ஒருவர் கண் அடுத்த எழுத்தில் காத்திருக்கிறது. சொல்லைப் பகிர்ந்து கட்டுகிறார்கள். அதனால்தான் இருவருக்கும் அது வேறொருவர் சொல்.

விடுதிப் பெண்கள்தான் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். 1978-ல் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைச் 'ரெட் பிரிகேட்ஸ்' என்ற தீவிரவாதக் குழுவினர் கடத்திவைத்திருந்தபோது, ஏப்ரல் 2-ஆம் தேதி, போலோஞா அருகே ஒரு வீட்டில் கூடிய பேராசிரியர்கள் தட்டை வைத்து ஆவியிடம் கேட்டதாகவும், 'கிராடோலி' என்ற சொல் வந்ததாகவும் ரோமானோ புரோடி வாக்குமூலம் தந்தார். பின்னாளில் இத்தாலியின் பிரதமரானவர் அவர். காவல்துறை கிராடோலி என்ற சிற்றூருக்குப் போய்த் தேடியது. கடத்தியவர்களின் பதுங்கிடமோ ரோம் நகரத்தில் கிராடோலி என்ற தெருவில் இருந்தது. மே 9 அன்று மோரோவின் உடல் கிடைத்தது. அந்தச் சொல்லை உண்மையில் அறிந்திருந்த மனிதர் யார் என்ற சந்தேகத்தை இத்தாலியர்கள் இன்றுவரை விடவில்லை. ஆவி சொன்னது என்றால் விசாரிக்க ஆள் கிடைக்காது. 1994-ல் இங்கிலாந்தில் இரட்டைக் கொலை வழக்கின் ஜூரிகள் சிலர், தங்கியிருந்த விடுதியறையில் டம்ளர் வைத்துக் கொல்லப்பட்டவரிடமே கொலையாளி யார் என்று கேட்டார்கள். மறுநாள் குற்றவாளி என்று தீர்ப்பு. விஷயம் வெளியே வந்ததும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ந்தது. ஆனால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்த ஓர் அறையில் அது தீர்ந்தது.

இனி, உடம்புக்கு நேர்வதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடுதியில் பார்த்துப் பயப்படுவது அதைத்தான். அச்சத்தில் மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் ஓடும்போது இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே குறைகிறது. தலை சுற்றும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போகும், விரல்கள் தாமாகவே மடங்கி இறுகும். "கையைப் பாருங்க, கை எப்படி முறுக்குது பாருங்க" என்று யாராவது அலறினால் பார்ப்பவளுக்கும் மூச்சு வேகமாகிறது. ஓர் அறையில் தொடங்கியது நடைபாதை முழுக்கப் பரவுவது இப்படித்தான். அந்நேரத்தில் கூட்டத்தை விலக்கி, பாதிக்கப்பட்டவளை உட்காரவைத்து, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடச் சொல்லி, கூடவே இருந்து நாமும் அப்படி மூச்சுவிட வேண்டும். காகிதப் பையில் மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கம் வேண்டாம். அது பாதுகாப்பானதல்ல. மூச்சு நிதானமாகவில்லை, நெஞ்சு வலிக்கிறது என்றால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். செல்போனில் படம் எடுப்பவரை முதலில் வெளியே அனுப்புங்கள்.

கண்ணாடி முன் மெழுகுவத்தியோடு நின்று 'பிளடி மேரி' என்ற ஆவியை அழைப்பதும் இதே குடும்பம். இத்தாலியின் ஊர்பினோ பல்கலைக்கழகத்தில் ஜியோவன்னி கபூட்டோ 50 பேரை மங்கிய ஒளியில் பத்து நிமிடம் கண்ணாடியில் தம் முகத்தையே பார்க்கவைத்து, 2010-ல் முடிவை வெளியிட்டார். மூன்றில் இரண்டு பங்கினருக்கு முகம் கோரமாக உருமாறித் தெரிந்தது. ஏறத்தாழ பாதிப் பேர் விசித்திரமான, அரக்க உருவங்களைக் கண்டார்கள். நலமான மனிதர்கள் அவர்கள். மங்கலில் ஒரே இடத்தைப் பார்த்தால் கண்ணும் மூளையும் செய்யும் வேலை இது.

இணையத்தில் இப்போது சுற்றும் சடங்குகள் எனக்கு அதைவிடக் கவலை தருகின்றன. தனியாக இரு, அதிகாலை மூன்று மணிக்குச் செய், கத்தியை எடுத்துக்கொள், யாரிடமும் சொல்லாதே என்கின்றன அவற்றின் விதிகள். தோழிகளின் நெருக்கம் என்ற ஒரே நன்மையையும் பறித்துவிட்டு, தூக்கமின்மையையும் தனிமையையும் கத்தியையும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்கும் விதிகள் இவை. துப்பட்டாவில் மெழுகுவத்தி பற்றும் ஆபத்து அதற்கு மேல்.

சாவு வயதைக் கேட்டு, எண் வந்து, அந்த வயது நெருங்கும்வரை ரகசியமாகப் பயந்து வாழ்ந்த பெண்ணையும் எனக்குத் தெரியும். அவளைப் பெற்றோர் ஒரு மந்திரவாதியிடம் கூட்டிப்போனார்கள். பணம் போனதோடு, "ஆமாம், ஏதோ வந்திருக்கிறது" என்ற உறுதியும் அவளுக்குக் கிடைத்தது. ஆட்டத்தில் பாதி நம்பியதை முழுசாக நம்பவைத்த வேலை அது.

எனவே பெற்றோருக்கும் வார்டன்களுக்கும் என் வேண்டுகோள் இது. போர்டைப் பிடுங்கித் தண்டனை தருவதோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை என்ன கேள்வி கேட்டாள் என்று கேளுங்கள். பரீட்சையா, காதலா, வீட்டுச் சண்டையா, சாவா, எதுவானாலும் அந்தக் கேள்விக்குப் பொறுப்போடு பதில் சொல்ல ஒரு மனிதர் கிடைக்க வேண்டும். அப்பாவை இழந்த அந்தப் பெண்ணோடு நான் அப்பாவின் மருத்துவரைச் சந்திக்கப் போனேன். மயக்க மருந்தில் இருந்தார், வலி தெரிந்திருக்காது என்று அவர் கோப்பைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பதிலுக்குக் கீழே அவர் கையெழுத்து இருந்தது.

விளையாடியே தீருவோம் என்கிற பிள்ளைகளுக்கு: அண்மையில் யாரையாவது இழந்திருக்கிறாய் என்றால், தூக்கம் வராத நாட்கள் இவை என்றால், நீ விரல் வைக்காதே. மறுக்கும் தோழியை வற்புறுத்தாதே. ஆட்டம் முடிந்து நாட்கள் ஆகியும் குரல் கேட்கிறது, யாரோ தொடர்கிறார் என்று தோன்றினால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.